அகல டயரும் என் கையெழுத்தும்

சேற்றில் அகலமான டயர் எப்படி ஓடும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் என்னைக் கேட்கலாம். ஓடாது. இந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு ஏழு மாதம் பிடித்தது. அந்த ஏழு மாதத்தில், ஒரு பொய்யின் கீழே நான் போட்ட கையெழுத்தினால் ஜெயமேரி என்கிற செவிலியின் வேலை போகப் பார்த்தது.

நம் அறக்கட்டளையின் கிராமச் சுகாதார நிலையங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஊசி போடுவதைப் பற்றியோ, குழந்தையை எடை பார்ப்பதைப் பற்றியோ நான் எழுதப்போவதில்லை. அவற்றுக்குக் கையேடுகள் இருக்கின்றன; நான் சேர்ந்தபோது இருந்தவற்றைவிடத் தெளிவாகவும் இருக்கின்றன. ஆனால் உங்களைவிட அதிகம் படித்தவர் ஒருவர், உங்களைப் பாராட்டிக்கொண்டே ஒரு தாளை நீட்டும்போது என்ன செய்வது என்பதை எந்தக் கையேடும் சொல்வதில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் பிற்பகுதி. விழுப்புரத்தில் நம் தலைமை அலுவலகமும் பண்டகசாலையும் இருந்தன. திண்டிவனத்தைச் சுற்றியும் வானூர்ப் பக்கத்திலும் பன்னிரண்டு நிலையங்கள். நிலையத்துக்கு ஒரு செவிலி, செவிலிக்கு ஒரு சைக்கிள். பழைய கறுப்பு லேடீஸ் சைக்கிள், மெல்லிய டயர். என் நிலையம் திண்டிவனத்திலிருந்து ஆறேழு மைல் தள்ளி, ஒரு ஏரியின் மேற்கே இருந்தது. ஏரிக்கு வடக்கே ஜெயமேரியின் நிலையம். அவள் முகையூர்ப் பக்கத்துப் பெண். பெற்றோர் இருவரும் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்கள்; அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் என்று ஒன்றை முதன்முதலில் வாங்கியவள் அவள்தான். ஆனால் அது தற்காலிகப் பணி. அந்த ஆண்டு இறுதியில் நிரந்தரம் செய்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவெடுப்பதாக இருந்தார்கள். எனக்கோ பத்தாண்டு பணி முடிந்திருந்தது. அப்பாவுக்கு ஐந்து ஏக்கர் நன்செய் இருந்தது; அலுவலகத்தில் என்னை ‘நீங்க’ என்பார்கள், அவளை ‘நீ’ என்பார்கள். இந்த வேற்றுமையை நான் அப்போதே கவனித்திருந்தேன். கவனித்ததோடு சரி.

அந்தச் சித்திரையில் சென்னையிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். வெளிநாட்டில் சில ஆண்டுகள் இருந்தவர். மலைப்பாதையில் ஓட்டுவதற்கென்று அங்கே செய்யப்படும் சைக்கிள்களைப் பற்றி மிகுந்த பக்தியோடு பேசினார். டயர் அகலம், அதில் கட்டைவிரல் கனத்துக்கு முடிச்சு முடிச்சாக ரப்பர் குமிழ்கள். ‘அகலம் கூடினால் தரையைத் தொடும் பரப்பு கூடும், பரப்பு கூடினால் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் வண்டி புதையாது’ என்று கரும்பலகையில் அம்புக்குறிகள் போட்டு விளக்கினார். அம்புக்குறிகள் ஒன்றையொன்று மிக ஒழுங்காகத் தொடர்ந்தன. அந்த ஒழுங்கில் குறைகாண எங்களில் யாருக்கும் துணிவில்லை.

சோதனை ஓட்டத்துக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். காரணம், நான் ஆங்கிலம் படிப்பேன் என்பதும், புகைப்படத்தில் பார்க்கும்படி இருப்பேன் என்பதும். இரண்டாவதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வானூர்ப் பக்கம் இரும்பை என்ற ஊருக்குப் போகும் செம்மண் பாதையில், கண் கூசும் வெயிலில், அரைமணி நேரம் ஓட்டினேன். உண்மையைச் சொல்ல வேண்டும்: அருமையாக ஓடியது. என் பழைய சைக்கிள் கணுக்கால் ஆழம் புதைகிற புழுதி மணலில் அது மிதந்து போயிற்று. மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஆலோசகர் படம் எடுத்தார். முப்பது வயதைக் கடந்திருந்த நான், பள்ளியில் பரிசு வாங்கிய சிறுமியைப் போலச் சிரித்திருக்கிறேன். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

பிறகு ஒரு தாள் வந்தது. ‘மணல், புழுதி, சேறு ஆகிய அனைத்து நிலைகளிலும், மழைக்காலத்திலும் ஏற்றது எனப் பயன்படுத்திப் பார்த்து அறிந்தேன்.’ தட்டச்சு செய்து, கீழே என் கையெழுத்துக்குப் புள்ளிக்கோடு போட்டுத் தயாராக இருந்தது.

“மழையில நான் ஓட்டலையே சார்” என்றேன்.

“இட் ஃபாலோஸ், சிஸ்டர்” என்றார் அவர். “மணல்ல புதையலன்னா சேத்துலயும் புதையாது. அதே பிரின்சிபிள்தான். உங்களை மாதிரி படிச்சவங்களுக்கு நான் விளக்கணுமா?”

படித்தவள் என்று சொல்லிவிட்டார். அதற்குமேல் ஒரு படித்தவள் என்ன செய்வாள்? கையெழுத்துப் போட்டேன்.

ஆடி மாதம் பன்னிரண்டு நிலையங்களுக்கும் அகல டயர் சைக்கிள்கள் வந்தன. பழைய சைக்கிள்களை விழுப்புரம் பண்டகசாலையில் ஒப்படைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. அதன் அடியில், ‘சோதனை அறிக்கையின்படி’ என்று என் பெயர். ஆனால் வந்த சைக்கிள்கள் நான் ஓட்டியது போல் இல்லை. நான் ஓட்டியதற்கு மட்கார்டு கிடையாது. செவிலியரின் சேலையில் சேறு தெறித்தால் அறக்கட்டளையின் கண்ணியம் என்னாவது என்று செயலர் கவலைப்பட்டிருக்கிறார். எனவே விழுப்புரத்திலேயே முன்னும் பின்னும் தகர மட்கார்டு, பின்சக்கரத்துக்குச் சேலை சிக்காதிருக்கக் கம்பித் தடுப்பு, செயினுக்கு முழு உறை என எல்லாவற்றையும் டயரை ஒட்டி இறுக்கிப் பொருத்தி அனுப்பியிருந்தார்கள். சேற்றுக்காக டயரை அகலமாக்கியவர் ஒருவர். சேலைக்காக அந்த டயருக்குச் சட்டை தைத்துப் போட்டவர் இன்னொருவர். இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை.

பதினொரு பேர் பழைய சைக்கிளை ஒப்படைத்தோம். ஜெயமேரி ஒப்படைக்கவில்லை. புதியதை வாங்கி நிலையத்தின் உள்ளறையில் சாக்குப் போட்டு மூடிவைத்தாள். பழையதன் பின் மட்கார்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அதையே ஓட்டினாள். கேட்டால், “நான் அத்த ஓட்டிப் பாத்தேன்க்கா. அது நம்ம பேச்சக் கேக்கற சைக்கிள் இல்ல” என்பாள்.

புரட்டாசியில், திண்டிவனத்தில் பிரேக் கட்டை மாற்றப் போனேன். கடைக்காரரைப் பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். என் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார்.

“இன்னாம்மா இது, யானைக்கு வளையல் மாட்டினா மாதிரி?”

“புதுசு பாய். சேத்துலகூடப் போகுமாம்.”

அவர் குனிந்தார். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரலை விட்டார். ஒரு விரல் நுனிதான் நுழைந்தது.

“ரெண்டு வெரல் போவணும்மா. இதுல ஒண்ணே போவல. மழ வந்தா பேஜாரு பண்ணும் பாருங்க.”

“டயர் பெருசா இருக்குதே. மெதக்கும்னு சொன்னாங்களே?”

“மணல்ல மெதக்கும். தண்ணியா கெடக்கற சேத்துலகூடக் கொஞ்சம் போவும். உங்க ஏரிப் பக்கத்துக் களி இருக்குதே, அது மெதக்க வுடாது. ஒட்டிக்கினு டயரு கூடவே சுத்தி வரும். சுத்தி வந்தது உள்ள போவ எடம் வேணாமா? மெல்லிசு டயருன்னா மேல இருக்கற வழுக்கல அறுத்துக்கினு கீழ கெட்டித் தரையப் புடிக்கும். ஒட்டற மண்ணும் கம்மி.” துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். “ரெண்டு மட்கார்டையும் கழட்டிடட்டுமா? குமிழுக்கு நடுவுல நல்ல எடம் வுட்ருக்கான், மண்ணு உதுந்துடும். டயரு மேல தப்பு இல்லம்மா.”

கழற்றக்கூடாது. சைக்கிளோடு வந்த பட்டியலில் மட்கார்டு இரண்டு என்றிருந்தது. இரண்டும் சைக்கிளில் இருக்க வேண்டும். அதைச் சொன்னேன். பாய் என்னை இரக்கத்தோடு பார்த்தார். படித்தவர்களை அப்படிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு உண்டு.

நான் அன்று மாலையே விழுப்புரத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்க வேண்டும். இரண்டு வரி போதும். எழுதவில்லை. எழுதினால் என் கையெழுத்தைப் பற்றிக் கேட்பார்கள். சித்திரையில் நான் செய்தது ஒரு பலவீனம் என்று என்னை மன்னித்துக்கொள்ள முடிகிறது. புரட்டாசியில் செய்ததற்கு அப்படி எந்தப் பெயரும் இல்லை. தெரிந்தபின் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. நான்கு நாள் விடவில்லை. ஐந்தாம் நாள் முற்பகல் ஏழுமலை வந்தார். ஏரிக்குக் கிழக்கே இருந்த குடியிருப்பைச் சேர்ந்தவர். அந்தக் குடியிருப்பு என் பொறுப்பில் இருந்தது. அவர் முழங்கால் வரை சேறு.

“அம்மா, ஜல்தி வாங்கம்மா. கொயந்தைக்குக் காத்தாலேர்ந்து பேதி. வாந்தி வேற. கண்ணு உள்ள போயிட்சி. இப்ப அழக்கூட மாட்டுது.”

அந்த நிலையில் குழந்தை அழாமலிருந்தால் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும்.

“தண்ணி குடுத்தீங்களா?”

“குடுத்தா இன்னும் போவும்னு சொல்றாங்கம்மா. ஒண்ணும் குடுக்கல.”

உப்புச் சர்க்கரைப் பொட்டலங்களைப் பையில் எடுத்துப் போட்டேன். அவர் கையை நீட்டினார். “எங்கையில குடுத்துடுங்க. நான் ஓடறேன்.”

இந்த இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். பொட்டலத்தைக் கொடுத்து, ஒரு பொட்டலத்துக்கு எவ்வளவு தண்ணீர், எப்படிக் கரண்டி கரண்டியாகப் புகட்டுவது என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகும். சேற்றில் பிறந்து சேற்றில் நடக்கிற மனிதர். அரைமணியில் வீடு சேர்ந்திருப்பார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“உங்களுக்குக் கலக்கத் தெரியாது. நான் சைக்கிள்ல முன்னால போயிடறேன். நீங்க பின்னால வாங்க.”

ஏரிக்கரை மேல் ஏறி ஐம்பது கெஜம் போயிருப்பேன். முதலில் ஒரு உரசல் சத்தம். பிறகு மிதி கனத்தது. பிறகு பின்சக்கரம் நின்றுவிட்டது, பூட்டுப் போட்டதுபோல. இறங்கிப் பார்த்தேன். குமிழ்கள் அள்ளிய களிமண் மட்கார்டுக்குள் போய் அடைந்து, கம்பித் தடுப்பு வழியாக முறுக்குப் பிழிவதுபோல் வெளியே வந்துகொண்டிருந்தது. ஒரு கருவேலங்குச்சியை ஒடித்துக் குத்தி எடுத்தேன். ஏறினேன். பத்துக் கெஜம். மறுபடியும் நின்றது. குத்தி எடுத்தேன். ஆறு கெஜம். அழுத்தம் குறைந்தால் புதையாது என்றாரே, அது முற்றிலும் உண்மை. சைக்கிள் புதையவே இல்லை. அசையாமல் மேலேயே நின்றது.

ஏழுமலை வந்து சேர்ந்துவிட்டார். “இன்னாம்மா, எறங்கிட்டீங்க?”

“அடைச்சுக்கிச்சு. ஒரு நிமிஷம்.”

“இத்த இங்கியே போட்டுட்டு வாங்கம்மா!”

“அறக்கட்டளை சாமான். காணாமப் போனா நான்தான் பதில் சொல்லணும்.”

“உங்களாலயே நவுத்த முடியல, இத்த எவன் தூக்கிக்கினு போவான்?”

சொல்லிவிட்டு, அவர் செய்ததை நான் மறக்கவில்லை. என்னைத் திட்டவில்லை. குனிந்து சைக்கிளின் முன்பக்கத்தைத் தூக்கினார். அந்தத் தகப்பன் தன் குழந்தையிடம் போகாமல் என் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நான் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். களிமண்ணோடு அது ஒரு கன்றுக்குட்டி கனம் இருந்தது. இப்படி அரை ஃபர்லாங் போனோம். நடுவில் ஒருமுறை அவர் கால் வழுக்கி மண்டியிட்டார். எழுந்து என்னைத் திரும்பிப் பார்த்தபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. “போட்டுடுங்க” என்றேன். பையை அவரிடம் கொடுத்து, “ஓடுங்க, ஒரு பொட்டலத்துக்குப் பெரிய சொம்பு தண்ணி, கரண்டியில குடுங்க, வாந்தி எடுத்தாலும் நிறுத்தாதீங்க” என்று கத்தினேன். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய ஒரு நிமிடம் அது. அதற்குள் நாற்பது நிமிடம் போய்விட்டிருந்தது.

நான் வெறுங்காலோடு போய்ச் சேர்ந்தபோது, குடிசை வாசலில் மெல்லிய டயர் சைக்கிள் ஒன்று சாய்ந்து நின்றது. உள்ளே ஜெயமேரி. இரண்டு வயதுப் பெண்குழந்தை அவள் மடியில் கிடந்தது. அதன் கடைவாயில் கரண்டி. ஏழுமலை மூச்சு வாங்கிக்கொண்டு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார், பிரிக்காத என் பொட்டலங்கள் கையில் அப்படியே இருக்க. அவர் என்னிடம் கிளம்பியபோதே, அவர் மனைவி கொழுந்தனை வடக்கே ஜெயமேரியிடமும் அனுப்பியிருக்கிறாள். இரண்டு செவிலியரும் ஏறக்குறைய ஒரே தூரம். முதலில் வருகிறவள் வரட்டும் என்று. எங்கள் சோதனை அறிக்கையைவிட நல்ல சோதனை அது.

“வாங்கக்கா, உக்காருங்க” என்றாள் ஜெயமேரி, கரண்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். “மூணாவது தம்ளரு போவுது. மூச்சப் பாத்தா பயப்படறா மாதிரி இல்ல. எங்க அது, உங்க எரும?”

“கரை மேல நிக்குது.”

“எருமன்னாகூட சேத்துல நடக்கும்க்கா.”

குழந்தையின் தாய், அந்த நிலையிலும், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சற்று நேரத்தில் ஜெயமேரியின் சேலை நனைந்தது. “போயிட்சி! ஒண்ணுக்குப் போயிட்சி!” என்று அவள் கத்திய மகிழ்ச்சியை நம் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே புரிந்துகொள்ள முடியும். அதன் பிறகு ஒரு டிராக்டரைப் பிடித்துக் குழந்தையைத் திண்டிவனம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான்காம் நாள் திரும்பி வந்தது. இப்போது அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அந்த மாத அறிக்கையில் நான் நன்றியோடு எழுதினேன்: ‘செவிலி ஜெயமேரி மட்கார்டு கழற்றிய தம் பழைய சைக்கிளில் விரைந்து வந்து குழந்தையைக் காப்பாற்றினார்.’ ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் என் சைக்கிள் ஏன் வரவில்லை என்பதை எழுதவில்லை. பாதி உண்மைக்கு இருக்கும் வலிமையை அப்போதுதான் கண்டேன். பத்தே நாளில் ஜெயமேரிக்குக் குறிப்பாணை வந்தது. ஒன்று, ஒப்படைக்க வேண்டிய சைக்கிளைத் தன்வசம் வைத்திருந்தது. இரண்டு, மட்கார்டைக் கழற்றியது. மூன்று, தன் எல்லையை விட்டு வேறு நிலையத்தின் எல்லைக்குள் அனுமதியின்றிச் சென்றது. ஏன் பணியிலிருந்து விடுவிக்கக்கூடாது என்று விழுப்புரம் வந்து விளக்க வேண்டும். மூன்றுக்கும் சான்றாக என் பாராட்டு. அகல டயரின் மேன்மைக்குச் சான்றாக என் சித்திரைத் தாள். ஒரே ஆளின் இரண்டு கையெழுத்துகளால் ஒருத்தியைக் கட்டிப்போட்டிருந்தார்கள்.

மற்ற பத்துப் பேரையும் சொல்ல வேண்டும். மழை தொடங்கிய நாளிலிருந்து எல்லோர் சைக்கிளும் நின்றுபோயிருந்தது. எல்லோரும் நடந்தார்கள். நடந்துவிட்டு, பயணக் குறிப்பேட்டில் ‘சைக்கிள்’ என்று எழுதினார்கள். நானும் எழுதினேன். அந்தக் குறிப்பேடுகளைப் படித்த ஆலோசகர், மழையிலும் சைக்கிள் பயன்பாடு குறையவே இல்லை என்று ஓர் அழகான வரைபடம் தயாரித்திருந்தார்.

கார்த்திகையில் விசாரணை. என்னையும் சாட்சியாக வரச் சொல்லியிருந்தார்கள். பேருந்தில் ஜெயமேரி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பழைய சைக்கிளையும் சான்றாகக் கொண்டுவரச் சொன்னதால் அது மேலே கட்டியிருந்தது. “உங்கள இன்னா கேப்பாங்கக்கா?” என்றாள். “தெரியல” என்றேன். வழி முழுவதும் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டே வந்தாள்.

செயலர் நேர்மையானவர். இதையும் பதிவு செய்கிறேன். ஆனால் காகிதத்தில் வராத எதையும் அவர் நேர்மைக்குப் பார்க்கத் தெரியாது.

“நீ ஏம்மா புது சைக்கிளைத் தொடல?” என்றார் ஜெயமேரியிடம்.

“தொட்டேன் சார். அது சேத்துல ஓடல.”

ஆலோசகர் புன்னகை செய்தார். “ஓட்டத் தெரியணும். மெயின்டனன்ஸ் தெரியணும். இதே ஏரியாவில சீனியர் சிஸ்டர் ஒருத்தர் ஓட்டிப் பார்த்து ரிப்போர்ட் கொடுத்திருக்காங்க.” தாளை என் முன் நகர்த்தினார். “சொல்லுங்க சிஸ்டர். இது உங்க கையெழுத்துதானே?”

ஜெயமேரி என்னைப் பார்க்கவில்லை. மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“என் கையெழுத்துதான்” என்றேன். “இதுல இருக்கறது பொய்.”

செயலர் பேனாவை வைத்தார். “என்னங்க சொல்றீங்க?”

“சித்திரை மாசம் காஞ்ச செம்மண்ணுல அரைமணி நேரம் ஓட்டினேன். சேத்துல ஒரு கெஜம்கூட ஓட்டல. மழையில ஓட்டினதாக் கையெழுத்துப் போட்டேன். மட்கார்டு வெச்சா அடைச்சுக்கும்னு புரட்டாசியிலயே தெரியும், சொல்லல. என் சைக்கிளால ஒரு குழந்தைக்கு நாப்பது நிமிஷம் போச்சு. அதுக்குப் பதில் சொல்ல வேண்டியவ நான். இவ இல்ல.”

ஆலோசகர் எழுந்தார். டயரின் அறிவியல் வேறு, பயன்படுத்துபவரின் குறை வேறு என்று ஏதோ தொடங்கினார். அப்போதுதான் ஜெயமேரி வாயைத் திறந்தாள். வேலை எப்படியும் போயிற்று என்று முடிவு செய்துவிட்டவளின் குரலில் ஒரு குறும்பு இருந்தது.

“சார், வெளிய மழ பேஞ்சிக்கினுதான் இருக்குது. எங்களுக்கு அனுப்ன மாதிரியே ஒரு சைக்கிளும் பண்டகசாலையில நிக்குது. ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்களேன். நாங்க பாத்து ஓட்டக் கத்துக்கறோம்.”

செயலர் சிரிப்பை அடக்கிக்கொண்டதை நான் பார்த்தேன். மறுக்க வழியில்லை. பண்டகசாலைக்குப் பின்னால், டிராக்டர்கள் கலக்கிவைத்த களிமண் முற்றம். ஆலோசகர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, மட்கார்டோடு கூடிய அகல டயர் சைக்கிளில் ஏறினார். கடைநிலை ஊழியர்கள்வரை எல்லோரும் தாழ்வாரத்தில் நின்றிருந்தோம். பன்னிரண்டு கெஜம் போனார். உரசல் சத்தம் கேட்டது. மிதிமேல் எழுந்து நின்று அழுத்தினார். சைக்கிள் ஒரு மாடு போல நின்றது. அவர் கால் ஊன்றினார். காலை எடுத்தபோது கால் மட்டும் வந்தது, காலணி வரவில்லை.

ஒற்றைக் காலணியோடு தாழ்வாரத்துக்குத் திரும்பி வந்து, அவர் சொன்ன வாக்கியத்தை நான் அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன். “இது ஸ்டாண்டர்ட் சேறு இல்லை.”

“எங்க ஊர்ல இந்தச் சேறுதான் சார் கெடைக்குது” என்றாள் ஜெயமேரி.

“நீ ஓட்டு பாப்போம்” என்றார் செயலர்.

அவள் பழைய சைக்கிளை எடுத்தாள். அவள் பறந்து போனாள் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள், இல்லை. மெதுவாக, முற்றத்தின் விளிம்பில் புல் இருந்த இடமாகப் பார்த்து ஓட்டினாள். நடுவில் ஒரு பள்ளம். அதற்கு முன்பாகவே இறங்கினாள். “இங்க எறங்கணும் சார்” என்று அங்கிருந்தே சொன்னாள். சைக்கிளைத் தூக்கிப் பள்ளத்தைத் தாண்டி வைத்தாள், மறுபடி ஏறினாள். இன்னொரு இடத்தில் வழுக்கிக் கையை ஊன்றினாள், எழுந்தாள். முற்றத்தைச் சுற்றி வந்து எங்கள் முன் நின்றபோது, டயரின் இருபுறமும் மண் வழிந்துகொண்டிருந்தது. சக்கரம் சுழன்றது.

மெல்லிய டயர் சேற்றை வென்றது என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த டயரும் அந்தச் சேற்றை வெல்லாது. பாய் சொன்னபடி மட்கார்டைக் கழற்றியிருந்தால் ஆலோசகரின் சைக்கிளும் சுற்றி வந்திருக்கக்கூடும். ஜெயமேரி எங்கே இறங்க வேண்டும் என்று அறிந்திருந்தாள். நானும் ஆலோசகரும் ஏறுவதை மட்டும் கற்றிருந்தோம்.

முடிவு இப்படி வந்தது. ஜெயமேரியின் குறிப்பாணையை ரத்து செய்தால் அதைக் கொடுத்தது தவறென்று ஆகிவிடும். எனவே, ‘மனிதாபிமான அடிப்படையில் எச்சரித்து விடப்படுகிறார்’ என்று எழுதினார்கள். உயிரைக் காப்பாற்றியவளுக்கு மனிதாபிமானம் காட்டிய முதல் அலுவலகம் நம்முடையதாகத்தான் இருக்கும். ஆனால் வேலை நிலைத்தது. தையில் நிரந்தரமும் ஆயிற்று. பழைய சைக்கிள்களைத் திருப்பித் தந்தார்கள். அகல டயர் சைக்கிள்களில் இரண்டை, மட்கார்டு இல்லாமல், வானூரின் மணல்பாங்கான இரு நிலையங்களுக்கு அனுப்பினார்கள். அங்கே அவை பல ஆண்டுகள் நன்றாக ஓடின. எனக்குப் பணிப் பதிவேட்டில் ஒரு கண்டனம்: ‘உண்மைக்கு மாறான அறிக்கையில் கையெழுத்திட்டார்.’ முப்பத்திரண்டு ஆண்டுப் பணியில் எனக்குப் பல பாராட்டுகள் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் பாதியை எழுதியவர்கள் என்னைப் பார்த்ததே இல்லை. அந்தக் கண்டனம் ஒன்றுதான் நேரில் விசாரித்து எழுதப்பட்டது.

திரும்பும் பேருந்தில் இருவரும் நனைந்திருந்தோம். திண்டிவனம் வருகிறவரை நான் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். பிறகு, “என்னை மன்னிச்சிடு” என்றேன். எத்தனையோ படித்திருந்தும் எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

ஜெயமேரி கைப்பையின் கொக்கியை மூடினாள். “மன்னிப்பு கின்னிப்பெல்லாம் வேணாம்க்கா. அந்தப் பாய் உங்ககிட்ட இன்னா சொன்னாரு?”

“ரெண்டு விரல் இடம் விடணும்னு.”

“அத்தயே செய்ங்க. இனிமே எந்தத் தாள நீட்டினாலும், கையெழுத்துக்கு மேல ரெண்டு வெரல் எடம் வுடச் சொல்லுங்க. நீங்க பாக்காதது எதுவோ, அத்த உங்க கையால அதுல எழுதிட்டு அப்புறமா கீழ போடுங்க.”

நான் ஓய்வு பெறும்வரை அப்படித்தான் செய்தேன். தடுப்பூசிப் பெட்டிக்கும் செய்தேன், கட்டடத்துக்கும் செய்தேன். தட்டச்சு செய்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். சிலர் வேண்டுமென்றே இடம் விடாமல் அடித்துக் கொண்டுவந்தார்கள். திருப்பி அனுப்பினேன். பழைய கோப்புகளைப் புரட்ட நேர்ந்தால், என் கையெழுத்துக்கு மேலே மையில் எழுதிய வரிகளைப் பார்ப்பீர்கள். ‘வெயிலில் மட்டும் பார்த்தேன்.’ ‘காலியாக இருக்கையில் பார்த்தேன்.’ ‘இன்னும் மழை வரவில்லை.’